மூன்று முறை விலகி நின்றவர் - ஸர் எம். விசுவேசுவரய்யா

மாதேசுவரன் மலைக்குப் போகிற அங்கத்தினர்களுக்குப் பாலாறு தெரிந்திருக்கும். மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக பஸ் போகும்போது தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் ஆரம்பிக்கிற இடம். ஒரு பாலம், ஒரு சோதனைச் சாவடி, சுற்றிலும் காடு. இது நம் வேலூர்ப் பாலாறு அல்ல. மலையிலிருந்து இறங்கிக் காவேரியில் சேருகிற சிறிய ஆறு. மேட்டூர் அணை நிரம்பியிருந்தால் அணைநீர் இதன் பக்கம் வரை பரவி நிற்கும். 1956 நவம்பர் 1 வரை இந்தக் கொள்ளேகால் தாலுகா நமது கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. பிறகு மைசூர் ஜில்லா, 1997 முதல் சாமராஜநகர் ஜில்லா.

சில மாதங்களுக்கு முன் அங்கே பஸ் நின்றபோது, பக்கத்து ஸீட்டில் இருந்த இளைஞர் பேச்சுக்கொடுத்தார். பெங்களூரில் நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டாராம். அடுத்தடுத்து மூன்று இடங்களிலிருந்து அழைப்பு வந்தும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லையாம். வீட்டில் பெரியவர்களுக்கு ஒரே கோபம். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் காவேரியைப் பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, விசுவேசுவரய்யாவின் ஞாபகம் வந்தது. ஊருக்குத் திரும்பியதும் அவருடைய சரித்திரத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் அணைகளைவிட அவர் ஏற்றுக்கொள்ளாத வேலைகள்தான் இந்தத் தடவை என் கண்ணில் பட்டன.

மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யா சிக்கபள்ளாப்பூர் பக்கத்து முத்தேனஹள்ளியில் ஒரு வைதிகக் குடும்பத்தில் பிறந்தவர். பூர்விகம் ஆந்திரதேசத்து மோக்ஷகுண்டம். தகப்பனார் ஸ்ரீநிவாச சாஸ்திரிகள் ஸம்ஸ்கிருத பண்டிதர். பிள்ளையின் சிறு வயதிலேயே அவர் காலமாகிவிட்டார். பெங்களூரில் ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்த வருமானத்தில் ஸென்ட்ரல் காலேஜில் பி.ஏ. படித்தார். பிறகு மைசூர் சமஸ்தானத்தின் உபகாரச் சம்பளத்தில் புனேயில் இன்ஜினீயரிங் படித்து, 1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் அஸிஸ்டண்ட் இன்ஜினீயராகச் சேர்ந்தார்.

அங்கே இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தார். சிந்து மாகாணத்து சுக்கூருக்குக் குடிநீர்த் திட்டம், ஏடனுக்குக் குடிநீர், சாக்கடைத் திட்டங்கள் என்று பல. புனே அருகே கடக்வாஸ்லாவில் அவர் அமைத்த தானியங்கி மதகுகள் மிகவும் பெயர் பெற்றவை. ஏரி நீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால் மதகு தானே திறக்கும், இறங்கினால் தானே மூடிக்கொள்ளும். அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தும், தாம் வேலை செய்த துறையிடமிருந்து ராயல்டி வாங்க மறுத்துவிட்டார். பல சீனியர்களைத் தாண்டி அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

ஆனால் அதற்கு மேல் படி இல்லை. சீஃப் இன்ஜினீயர் நாற்காலியில் அந்நாளில் இந்தியரை உட்கார வைக்கமாட்டார்கள். அரசாங்க ஸர்வீஸில் இருந்தவர்களுக்கு அந்த நிலைமை நன்றாகப் புரியும். சம்பளம் வரும், மரியாதை இருக்கும், பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவோம். அவர் 1908-ல் ஓய்வு பெற விண்ணப்பித்துவிட்டு வெளியேறினார். முழு ஸர்வீஸ் முடியாத நிலையிலும் பம்பாய் அரசாங்கம் அவருக்குப் பென்ஷன் கொடுத்தது என்பது அவர் வேலைக்குக் கிடைத்த ஸர்ட்டிபிகேட்.

வெளியே வந்தவர் உடனே இன்னொரு உத்தியோகத்தைத் தேடவில்லை. ஐரோப்பா, அமெரிக்கா என்று ஸ்வந்தச் செலவில் அணைகளையும் தொழிற்சாலைகளையும் பார்க்கக் கிளம்பிவிட்டார். அந்தச் சமயத்தில்தான், 1908 செப்டம்பர் 28-ல், மூசி நதி பெருகி ஹைதராபாத் நகரம் நாசமாயிற்று. ஆயிரக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். நிஜாம் அரசாங்கத்தின் அழைப்பு இத்தாலியில் இருந்த அவரை எட்டியது. பயணத்தை முடித்துவிட்டுத்தான் வரமுடியும் என்று தெரிவித்துவிட்டார். 1909-ல் வந்து சுமார் ஆறு மாதம் தங்கினார். மழையளவுகளைக் கணக்கிட்டார், வெள்ளத்தின் காரணத்தை ஆராய்ந்தார், நகருக்கு மேலே மூசியிலும் ஈசியிலும் வெள்ளநீரைப் பிடித்து வைக்கத் தேக்கங்கள் கட்டவேண்டும் என்று திட்டம் எழுதிக்கொடுத்தார். இன்றைய உஸ்மான் ஸாகரும் ஹிமாயத் ஸாகரும் அந்தச் சிந்தனையில் பிறந்தவை. நிஜாம் சமஸ்தானம் செல்வம் கொழித்த இடம். ஆனாலும் ஏற்றுக்கொண்ட காரியம் முடிந்ததும் கிளம்பிவிட்டார்.

ஹைதராபாதில் இருக்கும்போதே மைசூரிலிருந்து கடிதம் வந்தது. சீஃப் இன்ஜினீயர் பதவி. சொந்த சமஸ்தானம், படிக்க வைத்த சமஸ்தானம், பம்பாயில் எட்டாத அதே நாற்காலி. அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் பெட்டியைக் கட்டியிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரோ தயங்கினார். ஃபைல் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வழக்கமான உத்தியோகத்தில் தமக்கு நாட்டமில்லை என்றும், தொழில் வளர்ச்சி, தொழிற்கல்வி, பெரிய வேலைகள் இவற்றில் சமஸ்தானத்துக்கு அக்கறை உண்டா என்றும் கேட்டு எழுதினார். அப்போது திவானாக இருந்தவர் ஆனந்த ராவ், நம் கும்பகோணத்து ராஜா ஸர் டி. மாதவ ராவின் குமாரர். மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் உறுதி கிடைத்த பிறகே, 1909 நவம்பரில் பொறுப்பேற்றார்.

இங்கே என் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. நான் ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு தனியார் கம்பெனியில் ஆலோசகர் பதவி வந்தது. என்ன வேலை என்றுகூடக் கேட்காமல் போய் உட்கார்ந்தேன். பழைய ஆபீஸில் எனக்கு இருந்த பழக்கத்துக்குத்தான் சம்பளம் என்பது நாலு மாதத்தில் புரிந்தது. விலகினேன், ஆனால் அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் போதும்.

கேட்டு வாங்கிய வாய்ப்பை அவர் வீணாக்கவில்லை. 1911-ல் கண்ணம்பாடி அணை வேலை துவங்கியது. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சின்ன வயதிலிருந்தே ஒரு கசப்பு உண்டு. எங்கள் பெரியவர்கள் குறுவை தவறும்போதெல்லாம் அதைத்தான் திட்டுவார்கள். சென்னை அரசாங்கம் ஆட்சேபித்து, மத்தியஸ்தம் நடந்து, 1914-ல் க்ரிஃபின் தீர்ப்பு வந்து, அதையும் எதிர்த்து, கடைசியில் 1924-ல் ஒப்பந்தமாயிற்று. அந்த ஒப்பந்தத்துக்குப் பின் 1925-ல் ஆரம்பித்து 1934-ல் முடிந்ததுதான் நம் மேட்டூர் அணை. பாலாற்றில் நின்று நான் பார்த்த நீர்ப்பரப்புக்கும் அவருக்கும் இப்படி ஒரு ஸம்பந்தம்.

1912-ல் திவான் பதவி வந்தது. ஏற்பதற்கு முன் உறவினர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்து, உத்தியோகத்துக்கோ சலுகைக்கோ யாரும் தம்மிடம் சிபாரிசு கேட்டு வரக்கூடாது, அதற்கு ஸம்மதமானால்தான் ஏற்பேன் என்று நிபந்தனை போட்டார். ஆறு வருஷத்தில் மைசூர் பாங்க், கன்னட ஸாஹித்ய பரிஷத், மைசூர் பல்கலைக்கழகம், பெங்களூர் இன்ஜினீயரிங் காலேஜ் எல்லாம் உண்டாயின.

1918-ல் அதையும் விட்டார். அரசாங்க உத்தியோகங்களில் பிராமணரல்லாதாருக்கு உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கையை ஆராய மகாராஜா ஸர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தார். தகுதிதான் அளவுகோல் என்பது விசுவேசுவரய்யாவின் கொள்கை. மகாராஜாவோடு மனஸ்தாபம் எதுவுமில்லாமல் லீவில் போய், பிறகு ஓய்வு பெற்றார்.

நம் சங்கக் கூட்டங்களில் அவரைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த ஒன்றைத்தான் கைதட்டலோடு சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு ஸம்மதம் இல்லை, சொல்லிவிடுகிறேன். பம்பாயில் எத்தனை தகுதி இருந்தும் ஒரு கதவு தமக்குத் திறக்காது என்று தெரிந்து வெளியேறியவர் அவர். மைசூரில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்க முடியாமல் இருந்தவர்கள் தங்கள் கதவைப் பற்றிச் சொன்னது ஏறக்குறைய அதேதான். அது ஏன் அவர் காதில் விழவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளாத ஒரு கொள்கையை நாற்காலிக்காகச் சுமக்கவும் இல்லை, பதவியில் இருந்துகொண்டே அதைக் கவிழ்க்கவும் பார்க்கவில்லை. அந்த நேர்மையை மறுக்க முடியாது.

அதன்பின் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். நிரந்தரப் பதவி எதையும் நாடாமல், அழைத்த இடத்தில் குறிப்பிட்ட காரியத்தை முடித்துக்கொடுத்தார். மகாத்மாஜி கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரிஸ்ஸா வெள்ளப் பிரச்னையை ஆராய்ந்தார். நஷ்டத்தில் ஓடிய பத்ராவதி இரும்பு ஆலையை 1923 முதல் சில ஆண்டுகள் தலைவராக இருந்து நிமிர்த்தினார். 1955-ல் பாரத ரத்னா கிடைத்தது. 1962 ஏப்ரலில், நூறு வயதைக் கடந்து, பெங்களூரில் காலமானார்.

பத்ராவதி வேலைக்காக அவருக்குச் சேரவேண்டிய ஊதியம் பெருந்தொகையாக நின்றது. அதை வீட்டுக்கு எடுத்துப் போகாமல், பெங்களூரில் இளைஞர்கள் கைத்தொழில் கற்க ஒரு பள்ளி ஆரம்பிக்கக் கொடுத்தார். அவர் பெயரையே வைக்கலாம் என்றபோது வேண்டாம் என்று சொல்லி மகாராஜா ஜயசாமராஜேந்திரர் பெயரை வைக்கச் செய்தார். அந்தப் பாலிடெக்னிக் இன்றும் பெங்களூரில் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது.