ஸர் தாமஸ் மன்றோவும் நம் நாட்டுப் பள்ளிகளும்

சென்னைத் தீவுத்திடலின் அருகே குதிரைமீது வீற்றிருக்கும் மன்றோ துரையின் சிலையைக் காணாதார் அரியர். அங்கவடியின்றிச் செய்யப்பட்ட அச்சிலையைப் பற்றி வேடிக்கையாகப் பேசுவோர் பலர். அம்மனிதர் நம் நாட்டுக் கல்விக்காகச் செய்யப் புகுந்ததை அறிந்தோரோ மிகச் சிலர். ஆதலின் அவர் வரலாற்றில் அப்பகுதியைச் சிறப்பாக ஈண்டு எடுத்துரைப்போம்.

தாமஸ் மன்றோ 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் தேதி ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் ஒரு வணிகரின் மைந்தராய்ப் பிறந்தார். இளமையில் கண்ட அம்மை நோயால் அவர் செவிப்புலன் சிறிது குன்றியது. அமெரிக்க யுத்தத்தால் தந்தையாரின் வாணிபம் நொடித்துப்போகவே, 1780-இல் கும்பினியாரின் படையிற் சேர்ந்து சென்னைக்கு வந்தார். ஹைதர் அலியோடு நடந்த போரிற் பணிபுரிந்தார். ஓய்ந்த வேளைகளில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். 1792 முதல் 1799 வரை பாராமகாலில் நிலவரி அலுவல் பார்த்தகாலை, ஊர்தோறும் சென்று குடிகளோடு நேரிற் பேசி, அவர்தம் நிலைமையை உள்ளவாறு அறிந்தார். கேட்டறிந்த பின்னரே சட்டம் செய்தல் வேண்டும் என்னும் கொள்கை அவருள்ளத்தில் வேரூன்றியது அக்காலத்தேயாம். பின்னர் ராயலசீமையிலும் அவ்வாறே உழைத்து, 1820-இல் சென்னை மாகாணத்தின் கவர்னராயினார்.

அந்நாளில் நம் மக்களின் கல்வியைப் பற்றி ஆள்வோர் பலவாறு பேசினரேயன்றி, எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை பிள்ளைகள் பயில்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தாரில்லை. மன்றோ 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜில்லாதோறும் கணக்கெடுத்தனுப்புமாறு கலெக்டர்களைப் பணித்தார். திண்ணையிலும் மரநிழலிலும் மணலில் எழுதியும் ஓலையிற் கீறியும் நடந்த பள்ளிகளெல்லாம் முதன்முறையாக அரசாங்கத்தின் ஏட்டில் ஏறின. ஆரணியாற்றங்கரையில் நம் ஆரணி முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்டிருந்த பழைய செங்கற்பட்டு ஜில்லாவும் அக்கணக்கிற்கு உட்பட்டதே.

கணக்குகள் வந்து முடிய ஆண்டுகள் சில சென்றன. 1826-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் தேதி மன்றோ தம் முடிவுகளை வரைந்தார். மாகாணத்தில் 1,28,50,941 மக்கள் இருந்தனர். பள்ளிகளும் கல்விச்சாலைகளும் 12,498. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒன்று என்பது இதன் பொருள். பயின்ற ஆண்பிள்ளைகள் 1,84,110 பேர். இல்லத்திற் கற்போரையும் சேர்த்தெண்ணின், ஆண்பிள்ளைகளில் மூன்றிலொரு பங்கினர் கல்வி பெறுவர் என அவர் மதிப்பிட்டார். பள்ளி சென்ற பெண்மக்களோ ஐயாயிரவரை எட்டவில்லை.

எண்ணியதோடு அவர் அமைந்தாரல்லர். குறைகளின் காரணத்தையும் ஆராய்ந்தார். மாணாக்கர் மாதந்தோறும் கொடுத்தது நாலணா முதல் எட்டணா வரையே. ஆசிரியர் ஒருவர் ஆறேழு ரூபாய்க்கு மேற்பெறுவது அரிதாயிற்று. அவ்வூதியத்திற்குத் தக்க அறிஞர் எவ்வாறு வருவர்? குடிகளின் வறுமையும், கல்வியை நாடுவோர் குறைவாதலின் அதற்குப் போதிய ஊக்கம் கிட்டாமையுமே கல்வி தாழ்ந்ததற்குக் காரணம் என்று அவர் கூறினார்.

பின்னர்த் திட்டமொன்று வகுத்தார். கலெக்டர் ஜில்லா ஒவ்வொன்றிலும் இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்றாக இருபது ஜில்லாக்களில் நாற்பது பெரும் பள்ளிகள். தாசில்தோறும் ஒன்றாக முந்நூறு பள்ளிகள். ஆசிரியரைப் பயிற்றுவதற்குச் சென்னையில் ஒரு நிலையம். பெரும் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும், தாசில் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் அரசாங்கம் தரும். மாணாக்கர் கட்டணம் அதற்கு மேல். ஆண்டுச் செலவு 48,000 ரூபாய். பொதுக்கல்விக்கெனக் குழுவொன்றும் நியமிக்கப்பட்டது.

விதி வேறாயிற்று. பதவியினின்று விடைபெறும் தறுவாயில், தமக்குப் பழகிய ராயலசீமைக் குடிகளைக் காணச் சென்ற மன்றோ, 1827-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி பத்திகொண்டாவில் வாந்திபேதியால் உயிர் நீத்தார். திட்டத்தைத் தம்முடையதாகக் கொண்டு நடத்துவாரில்லை. 1830 அளவில் முந்நூறு தாசில் பள்ளிகளில் எழுபதளவே எழுந்தன. ஊதியம் போதாமையாலும், மேற்பார்வை இன்மையாலும் அவையும் நலிந்தன. ஆங்கிலக் கல்வியே மேலென்னும் கொள்கை வலுப்பெறவே, 1836-இல் அவை கைவிடப்பட்டன.

மன்றோவின் திட்டத்திலும் குறையுண்டு. பெண்மக்கள் கல்லாமையை அவர் எண்ணிக் கண்டாரேயன்றி, அதற்கு மருந்து காணவில்லை. ஒன்பது ரூபாயும் நல்லாசிரியரை ஈர்க்கப் போதியதன்று. எனினும், உண்மையை முதலில் அறிதல், ஆசிரியர்க்கு ஊதியமும் பயிற்சியும் அளித்தல், செலவைக் கணக்கிட்டுப் பொறுப்பேற்றல் என்னும் மூன்றும் கல்வித்தலைமைக்கு இன்றும் இன்றியமையாதன.

கும்மிடிப்பூண்டியிலும் சூழ்ந்த இடங்களிலும் தொழிற்சாலைகள் ஓங்கி நிற்கும் இந்நாளில், பல ஊர்களினின்றும் பிழைக்க வந்தோரின் பிள்ளைகள் நம் பொதுப் பள்ளிகளை நாடுகின்றனர். அவருள் எவரேனும் கணக்கில் விடுபட்டாரோ என்று முதலில் வினவுபவரே மன்றோவின் பணியைத் தொடர்பவராவர். மாணவ நண்பர்களே, உங்களிற் பலர் நாளை ஆசிரியராகவும் அதிகாரிகளாகவும் அமர்வீர்கள். நீங்கள் தொடங்கும் நற்பணி உங்களோடு முடியாவண்ணம், அதனைப் பேணவல்லாரையும் உடன் ஆக்கிவிட்டுச் செல்வீர்களாக. மன்றோவுக்கு வாய்க்காது போனது அஃதொன்றே.