கூடுகளைக் கணக்கெடுத்த ஹியூம்

ஆலன் ஆக்டேவியன் ஹியூமை (1829-1912) காங்கிரஸின் நிறுவனர்களில் ஒருவராகவே நாம் அறிவோம். அதற்கு முன், சிம்லாவிலிருந்த அவரது மாளிகை இந்தியப் பறவையியலின் தலைமையிடமாக விளங்கியது. 1872-இல் அவர் தொடங்கிய ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழுக்கு நாடெங்கிலுமிருந்து அதிகாரிகள் குறிப்புகள் அனுப்பினர். எந்த மரம், எவ்வளவு உயரம், எந்த மாதம், எத்தனை முட்டை என்ற விவரங்கள் திரண்டு, கூடுகளும் முட்டைகளும் பற்றிய நூலின் முதல் வரைவு 1873-இல் வெளிவரத் தொடங்கியது.

இவை சில்லறை விவரங்கள் அல்ல. முதிர்ந்த மரத்தின் பொந்து இல்லையேல் காட்டில் எவ்வளவு பழம் பழுத்தாலும் இருவாச்சி குஞ்சு பொரிக்க இயலாது. ஹியூம் 1871-இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய திபெத்தியப் பீடபூமிச் சிறுபறவையோ, மரமற்ற புல்வெளியில் மண்ணைக் குடைந்து கூடமைக்கிறது. அங்கே மரம் நடுவது அதன் வீட்டை அழிப்பதாகும்; பசுமை இயக்கங்கள் இதை ஏனோ எளிதில் மறந்துவிடுகின்றன.

அவர் சேகரித்த முறை இன்று உவப்பானதன்று: பதப்படுத்திய உடல்களும் முட்டைகளுமாக 80,000-க்கும் மேல். பல்லாண்டுக் கையெழுத்துப் படிகளைப் பணியாள் ஒருவர் பழைய காகிதமாக விற்றுவிட, மனமுடைந்த ஹியூம் 1885-இல் சேகரிப்பு முழுவதையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அவ்வாண்டின் இறுதியில் காங்கிரஸ் முதன்முறையாகக் கூடியது. கூடுகள் நூல் மட்டும், யூஜின் ஓட்ஸின் செம்மையாக்கத்தில், 1889-90-இல் மூன்று தொகுதிகளாக மீண்டும் வெளிவந்தது.