காற்றுக்கு முட்டுக்கட்டை போட்டவர்

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் ஓடும்போது சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுவார்கள். மலை போன்ற தேரும் நின்றுவிடும். கட்டைக்குப் பிடிமானம் தெரு. ஆகாயத்தில் தெரு ஏது? அங்கே காற்றையே முட்டுக்கட்டையாக்கியவர் ருஷ்ய நாட்டு கிளெப் கோடெல்னிகோவ்.

1872-ல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். ராணுவப் பள்ளியில் படித்தார். சில காலம் பட்டாளம். பிறகு கலால் இலாகா உத்தியோகம். மனமோ நாடகத்தில்! வேலையை விட்டு நடிகரானார்.

1910-ல் அந்நகரில் விமான விழா. மத்ஸியேவிச் என்ற விமானி பறந்தார். நடுவானில் விமானம் உடைந்தது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. அதைப்போல் சுமார் ஐந்து மடங்கு உயரத்திலிருந்து விழுந்து அவர் மாண்டார். கூட்டத்தில் நின்ற கோடெல்னிகோவ் அதைக் கண்ணால் கண்டார்.

பாரசூட் அதற்கு முன்பே உண்டு. ஆனால் அதை முதுகில் கட்டிக்கொண்டு விமானம் ஓட்ட முடியாது. கோடெல்னிகோவ் 1911-ல் பட்டுத் துணியை மடித்து, முதுகில் மாட்டும் உலோகப் பெட்டிக்குள் அடக்கினார். கயிற்றை இழுத்தால் மூடி திறக்கும். சுருள்வில் துணியை வெளியே தள்ளும். அதிகாரிகள் வேண்டாம் என்றார்கள். சின்ன ஆபத்துக்கே விமானி குதித்துவிடுவான், விமானம் நஷ்டமாகும் என்று பயந்தார்கள். உயிரைவிட இயந்திரம் உசத்தி போலும்!

அவர் சளைக்கவில்லை. 1912-ல் பிரான்சில் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு ஜூன் மாதம் ஒரு மோட்டார் காரின் பின்னால் பாரசூட்டைக் கட்டி, வேகமாக ஓடும்போது விரித்தார். கார் நின்றது. எஞ்சினும் அணைந்துபோயிற்று.

இது எப்படி? விரிந்த துணிக்குள் காற்று அடைபட்டுப் பின்னுக்கு இழுக்கிறது. கொள்ளிடக் கரையில் பிள்ளைகள் பட்டம் விடுவதைப் பாருங்கள். வால் இல்லாத பட்டம் குட்டிக்கரணம் போடும். வால் கட்டினால் நேராக நிற்கும். வேகமாக விழும் பொருளுக்குச் சின்னப் பாரசூட்தான் வால். அது பொருளைப் புரளவிடாமல் பிடித்து, வேகத்தையும் குறைக்கும். எடுத்தவுடன் பெரிய பாரசூட்டை விரித்தால், அந்த வேகத்தில் துணி கிழிந்துவிடும். ஆகவே முதலில் சின்னது, பிறகு பெரியது.

முதல் உலக யுத்தம் வந்ததும் ருஷ்யப் பட்டாளமே அவருடைய பாரசூட்டைக் கேட்டு வாங்கியது. 1937-ல் வடதுருவப் பனிக்கட்டியில் இறங்கிய ருஷ்ய விமானங்கள், வழுக்காமல் நிற்க வாலில் பாரசூட்டை விரித்தன. கோடெல்னிகோவ் அதையும் பார்க்க உயிரோடிருந்தார். 1944 நவம்பர் 22-ல் மாஸ்கோவில் காலமானார்.

2023 அக்டோபர் 21-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஆளில்லாமல் ஏவிச் சோதித்த ககன்யான் கூண்டும், முதலில் சின்னப் பாரசூட், பிறகு பெரிய பாரசூட் என்ற அதே வரிசையில்தான் வங்கக் கடலில் இறங்கியது.