ஏட்டுக்குள் கேட்ட இசை

ஒருவருடைய நோக்கை வகுப்பது அவர் படித்த நூலா, கேட்ட இசையா என்னும் வினா நம் வட்டத்தின் கூட்டங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. மரபுக் கவிஞர்கள் ஓசையின் பக்கம் நிற்பார்கள். புதுக்கவிதை எழுதுவோர், படிமமும் பொருளும் இருக்க ஓசை எதற்கு என்பார்கள். தேநீர் வந்ததும் வழக்கு ஒத்திவைக்கப்படும். பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, அந்த வழக்கில் சாட்சியாக ஒருவரை அழைத்து வரலாம் என்று தோன்றிற்று. அவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர். ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியவர், செல்லரித்த சுவடிகளிலிருந்து சங்க நூல்களை மீட்டவர் என்ற அளவில் அவரை நாம் நன்கு அறிவோம். அவர் ஓர் இசைவாணரின் மகன் என்பதையும், இசைக்கும் ஏட்டுக்கும் இடையே ஒன்றைக் கைவிட நேர்ந்தவர் என்பதையும் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் சூரியமூலையில் பிறந்தார். சொந்த ஊர் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம். ஆயினும் அவருடைய தமிழ் வளர்ந்த இளமைக் காலம் நமக்கு அண்டை நிலத்தில் கழிந்தது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தெற்கே வெள்ளாற்றைக் கடந்து சென்றால் எட்டும் அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் ஆகிய ஊர்களே அவருடைய முதற் பள்ளிக்கூடங்கள். தந்தையார் வேங்கடசுப்பையர் இராமாயணத்தை இசையோடு சொல்லி, ஊரார் மனமுவந்து அளித்ததைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். உடையார்பாளையம் சமஸ்தானத்தை அணிசெய்த கனம் கிருஷ்ணையர் அவருக்கு உறவினர்; இசையில் ஆசிரியரும் அவரே. கனமார்க்கம் என்னும் அரிய இசைமுறையில் வல்லவராதலால் கிருஷ்ணையர் பெயரின் முன் அச்சொல் நிலைத்துவிட்டது. ஆதரிப்போர் எந்த ஊரில் இருந்தனரோ அந்த ஊருக்குக் குடும்பம் இடம் பெயர்ந்தது. பிள்ளைக்குப் பிதுரார்ஜிதமாகக் கிடைக்கக் கூடியது நிலமன்று, கீர்த்தனங்களே.

அரியலூரில் சடகோபையங்கார் என்னும் ஆசிரியர் அவருக்குத் தமிழ்ச் சுவையை முதலில் ஊட்டினார். தமிழோடு இசையிலும் பழக்கமுடைய அவரிடம் செய்யுளும் இராகமும் தனித்தனியே நிற்கவில்லை. பிறகு குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகையும் கற்றார். நம் முதுகுன்றத்து இறைவன் குடிகொண்ட ஊரின் பெயரைத் தாங்கிய அந்த ரெட்டியாரிடமே அவர் யாப்பிலக்கணம் பயின்றார் என்பதில் எனக்கு ஓர் ஊர்ப்பெருமை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. தம்மிடம் உள்ளதைச் சொல்லிக் கொடுத்த பின்னர், இனி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்வதே தக்கது என்று வழி காட்டியவரும் அவரே. தம்மினும் பெரிய ஆசிரியரிடம் மாணவனை அனுப்பும் மனம் எல்லா ஆசிரியர்க்கும் வாய்ப்பதில்லை. இதை எழுதும்போது என்னையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

1871ஆம் ஆண்டு தந்தையும் மகனும் மாயூரம் சென்றனர். பிள்ளையவர்களிடம் மகனை ஒப்புவித்த தந்தையாருக்கு இன்னொரு விருப்பமும் இருந்தது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனையால் நாடெங்கும் புகழ் பெற்றிருந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது அதே மாயூரத்தில் வாழ்ந்து வந்தார். தமிழ் ஒருபுறம் நடக்க, இசை அறவே விட்டுப் போகாமல் இருக்கட்டும் என்று மகனைப் பாரதியாரிடமும் பழகச் செய்தார். ஆக, பதினேழு வயது நிரம்பாத ஓர் இளைஞன் ஒரே ஊரில் இரு பெரியோரிடம் ஒரே காலத்தில் பாடங் கேட்கத் தொடங்கினான்.

இவ்விருவருக்கும் இடையே முன்னமே ஒரு கதை உண்டு. பாரதியார் தம் நந்தனார் சரித்திரத்திற்குச் சிறப்புப் பாயிரம் வேண்டிப் பிள்ளையவர்களைப் பலமுறை நாடிச் சென்றார். கீர்த்தனங்களில் இலக்கண வழுக்கள் இருப்பதும், பெரியபுராணத்தில் இல்லாத நிகழ்ச்சிகள் கதையில் சேர்ந்திருப்பதும் பிள்ளையவர்களுக்கு உடன்பாடில்லை. நேரே மறுக்கவும் மனமில்லை. நாட்கள் கடந்தன. ஒரு நாள் பிள்ளையவர்கள் உள்ளே படுத்திருக்க, பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனங்களைத் தமக்குத் தாமே மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்தவரின் நெஞ்சு கரைந்தது. எழுந்து வந்தார், பாயிரம் கிடைத்தது. வழுக்கள் எங்கும் போய்விடவில்லை. ஆனால் இலக்கணம் தாழிட்ட கதவை அன்று இசை திறந்துவிட்டது.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னும் பிள்ளையவர்கள் தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. புதிய மாணவர் இசை பயில்கிறார் என்ற செய்தி பாரதியார் வாயிலாகவே அவருக்கு எட்டியபோது அவர் மகிழவில்லை. இசையில் மனம் தோய்ந்தவனுக்கு இலக்கண இலக்கியங்களில் கருத்து ஆழ்ந்து செல்லாது என்பது அவர் எண்ணம். கடிந்து பேசவில்லை, தம் கருத்தைத் தெரிவித்தார், அவ்வளவே. ஐயரவர்கள் பாரதியாரிடம் கற்பதை நிறுத்திவிட்டார். தந்தையின் கனவு ஒன்று அங்கே ஓசையின்றி முடிந்தது.

பிள்ளையவர்களை இசைப்பகைவர் என்று சொல்லிவிடுவது எளிது. நானும் ஒரு காலத்தில் வகுப்பில் அவ்வாறு சொன்னதுண்டு. இன்று அது நியாயமாகத் தோன்றவில்லை. அவர் செய்யுள் இயற்றும் முறையைக் கவனிக்க வேண்டும். எழுதுகோலைக் கையில் எடுத்து அடித்து அடித்துத் திருத்துபவர் அல்லர் அவர். வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும். அப்படி எழுதியவர்களுள் ஐயரவர்களும் ஒருவர். ஒரு விருத்தத்தின் முதலடி காதில் விழுந்தவுடன் அதன் சந்தம் பிடிபட்டாக வேண்டும். பிடிபடாதவன் எழுத்தாணியோடு பின்தங்கிவிடுவான். பாட்டு வகுப்புக்குப் போக வேண்டாம் என்ற ஆசிரியரே நாள்தோறும் அந்தச் செவிக்குப் பயிற்சி தந்திருக்கிறார்! இருவரும் இதனை உணர்ந்திருந்தார்களோ இல்லையோ, பயன் விளைந்தது.

1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் மறைந்தார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் அரவணைப்பில் ஐயர் இருந்தார். தேசிகர் தமிழையும் வடமொழியையும் சங்கீதத்தையும் ஒரே அவையில் அமர்த்தி மகிழ்ந்தவர். மகா வைத்தியநாதையர் போன்றோரின் பாட்டை ஐயர் அங்கே கேட்டார். மாயூரத்தில் மூடிய கதவுக்கு மடத்தில் ஒரு சாளரம் இருந்தது எனலாம்.

1880இல் தியாகராச செட்டியாரின் இடத்தில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபரில் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தது தமிழ் வரலாற்றில் ஒரு திருப்பம். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று ஐயர் அடுக்க, முதலியார் அவற்றுக்கு முந்திய சீவக சிந்தாமணி முதலிய நூல்களைப் பற்றிக் கேட்டார். ஐயருக்கு அவற்றின் பெயர் தெரியும், நூல்கள் தெரியா. அத்தனை படித்தும் படியாதவராய் அன்று நின்ற அந்த நிலையை ஏற்றுக்கொண்டதே அவர் பெருமை. சைவ மடத்தில் வளர்ந்தவர் சமண காவியத்தின் பொருள் தேடிக் குடந்தைச் சமண அன்பர்களின் இல்லங்களுக்குச் சென்று பணிந்து கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பின்னர் மணிமேகலைக்காகப் பௌத்தம் கற்றார். அது 1898இல் வெளிவந்தது. நூல் ஒருவருடைய நோக்கை விரிக்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்றை நான் அறியேன். அவர் தம் சமயத்தை விட்டு நகரவில்லை. அடுத்த வீட்டாரின் சமயமும் தமிழின் செல்வம் என்று கண்டுகொண்டார்.

இசையை விட்டு ஏட்டுக்கு வந்தவரை, ஏட்டின் உள்ளிருந்து இசை அழைத்ததுதான் எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது. முதலில் எடுத்த சிந்தாமணியிலேயே காந்தருவதத்தையின் யாழ்ப் போட்டி இருக்கிறது. சீவகன் அவளை வென்றது வில்லால் அன்று, யாழால். யாழ் செய்யும் மரத்தின் குற்றம், நரம்பின் குற்றம் என்பவற்றையெல்லாம் அறிந்தாலன்றி அப்பகுதியைப் பதிப்பிக்க இயலாது.

சுவடிகளின் நிலையையும் நம் இளங்கவிஞர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு தெரியாது. அடியும் சீரும் பிரிக்கப்படாமல் எழுத்துகள் தொடர்ந்து ஓடும். எழுதியவர் விட்டதும் உண்டு. செல்பூச்சி தின்றதும் உண்டு. இத்தகைய ஏட்டில் எது அடி முடிவு, எங்கே ஒரு சீர் குறைகிறது என்பதைக் கண் மட்டும் காட்டாது. நம் பகுதிப் பீங்கான் கூடங்களுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். சூளையிலிருந்து எடுத்த கோப்பையை விரலால் சுண்டிப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலை ஒலி காட்டிக்கொடுத்துவிடும். ஐயரவர்கள் செய்யுளைச் சுண்டிப் பார்த்தவர். பாடவேறுபாடுகளுள் ஒன்றைத் தேர்வதற்கு இலக்கண அறிவும் பல சுவடிகளின் ஒப்பீடும் அடிப்படை. அவற்றோடு தம்புராவின் சுருதி கேட்டு வளர்ந்த செவியும் உடனிருந்து உதவியது என்றே நான் கொள்கிறேன்.

1892இல் வெளிவந்த சிலப்பதிகாரம் அந்தச் செவிக்கு வந்த பெருஞ்சோதனை. அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர் ஒரே அரங்கிற்காக ஒருங்கே நிற்கின்றனர். புலவனுக்கு இசை ஆகாது என்ற கட்டுப்பாடு இளங்கோவடிகள் காலத்து அரங்கில் இல்லை! அடியார்க்கு நல்லார் தம் உரையில் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் என்று நூல்களைச் சுட்டிச் செல்கிறார். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உரை எழுதினார். அவை கையில் இல்லாமல் ஐயர் அவ்வுரையைப் பதிப்பித்தார். பஞ்சமரபு அச்சுக்கு வந்தது ஐயர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே. எல்லாவற்றிலும் துயரமானது, இசை மிகுந்த கானல்வரிக்கு அடியார்க்கு நல்லார் உரை கிடைக்கவில்லை என்பது. எங்கே விளக்கம் பெரிதும் வேண்டுமோ அங்கே ஏடு வாய் மூடிக்கொண்டது.

சில ஆண்டுகளுக்கு முன் கானல்வரி நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, இதை எந்த மெட்டில் பாடுவார்கள் என்று கேட்டாள். முனைவர் பட்டம் பெற்ற நான் கானல்வரியைப் பல ஆண்டுகள் படித்திருந்தேன். ஒருமுறையேனும் பாடக் கேட்டதில்லை. வரிப்பாட்டின் வகைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுத் தப்பித்துக்கொண்டேன். பிள்ளையவர்களின் கட்டுப்பாடு ஐயரோடு முடிந்துவிடவில்லை, நம் தமிழ்த் துறைகள் வரை வந்து நிற்கிறது என்பது அன்று எனக்கு விளங்கிற்று. ஐயருக்கு இளமையில் வீட்டிலேனும் இசை இருந்தது. அவருக்குப் பின்வந்த நமக்கு அதுவும் இல்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தையும், விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ் நூலையும் தந்திராவிட்டால், ஐயர் பதிப்பித்த பக்கங்களில் பல இன்னும் பொருள் தெரியாத எழுத்தாகவே இருந்திருக்கும்.

1918இல் அவர் பரிபாடலைப் பதிப்பித்தார். எழுபது பாடல்கள் கொண்டதாகச் சொல்லப்படும் அந்நூலில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. அவற்றுள் பலவற்றின் இறுதியில் பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் உள்ளன. நன்னாகனார், பெட்டனாகனார் என்னும் இசையாசிரியர்களைப் புலவர்க்கு இணையாக அந்தச் சுவடி நினைவில் வைத்திருந்தது. அவற்றை அச்சுக்குப் படியெடுத்த வேளையில் ஐயரவர்களுக்கு மாயூரத்துத் திண்ணை நினைவுக்கு வந்திருக்குமோ?

நினைவில் இருந்தது என்பதற்கு அவருடைய முதுமை சான்று. எண்பதை நெருங்கும் வயதில், 1933, 1934ஆம் ஆண்டுகளில் தம் ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக வெளியிட்டார். அத்துடன் அமையவில்லை. கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் என்னும் மூவருக்கும் வரலாறு எழுதினார். தந்தையின் ஆசிரியர், தாம் பாதியில் விட்டுவந்த ஆசிரியர், மடத்தில் செவி குளிரக் கேட்ட பாடகர் என்று அம்மூவரையும் தம் வாழ்க்கையின் வரிசையிலேயே அவர் தேர்ந்தது போல் எனக்குப் படுகிறது. கல்வெட்டும் சாசனமும் அரசர்க்கு உண்டு. பாட்டுக்காரர்க்கு அக்காலத்தில் எழுதி வைப்பார் அரியர். சங்க நூல்களுக்கு உழைத்த அதே கை, கேட்டறிந்த செய்திகளைத் தொகுத்து அவர்களை ஏட்டில் ஏற்றியது. இசை பயில வேண்டாம் என்று ஆசிரியர் தெரிவித்ததையும், திண்ணையில் பாரதியார் பாடியபோது ஆசிரியர் கரைந்ததையும் இரண்டையும் மறைக்காமல் பதிவு செய்தவரும் அவரே. ஒருவர் மீதும் குறை தொனிக்கவில்லை.

1940 தொடங்கி ஆனந்த விகடனில் என் சரித்திரம் வாரந்தோறும் வந்துகொண்டிருந்தது. உலகப் போரின் அச்சத்தால் சென்னையிலிருந்து மக்கள் வெளியேறிய 1942இல், ஐயரவர்களும் தம் சுவடிகளோடும் நூல்களோடும் திருக்கழுக்குன்றம் சென்றார். அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே மறைந்தார். 122 அத்தியாயங்களோடு சரித்திரம் நின்றது. திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த, தியாகராச செட்டியார் பெயரைத் தாங்கிய வீடு இன்று இல்லை. சுவடிகள் பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் இருக்கின்றன. கானல்வரியின் உரை அவற்றிலும் இல்லை.