புன்னக்காயலில் ஓர் இலக்கண வாத்தியார்

டியோலிங்கோவில் ஸ்பானியம் படிக்கிறவங்க நம்ம ஹாஸ்டல்லயும் இருக்கீங்க, தெரியும். ஆரம்பம் ஜாலியா போகும். அப்புறம் 'இம்பர்ஃபெக்ட்' என்று ஓர் இறந்தகாலம் வரும். ஸ்ட்ரீக் அங்கேதான் உடையும். ஒருதடவை பேசினான் என்றால் 'அப்லோ'. பேசிக்கொண்டிருந்தான், வழக்கமாகப் பேசுவான் என்றால் 'அப்லாபா'.

இதே தலைவலியை எதிர்ப்பக்கத்திலிருந்து பட்டவர் ஒருவர் உண்டு. போப் ஐயர் 1842ல் நம்ம சாயர்புரத்துக்கு வருவதற்குக் கிட்டத்தட்ட 300 வருஷம் முன்னாடியே புன்னக்காயலில் வாழ்ந்தவர். பெயர் அன்றிக்கே அன்றீக்கஸ்.

1520ல் போர்ச்சுகலின் விலா விசோசாவில் பிறந்தார். யூத வம்சாவளி. அந்த ஒரே காரணத்துக்காகப் பிரான்சிஸ்கன் சபையில் இடம் இல்லாமல் போனது. (பிறப்பை வைத்து ஆளை அளக்கிற பழக்கம் நம்ம ஊர்ச் சொத்து மட்டும் இல்லீங்க.) 1545ல் இயேசு சபை சேர்த்துக்கொண்டது. 1546ல் கோவா, அடுத்து நம்ம முத்துக்குளித்துறை.

மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினால் சொன்னது ஒன்று, போய்ச் சேர்வது ஒன்று. அதனால் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதும் வேலையை சேவியர் இவரிடம் கொடுத்தார்.

அவர் கையில் இருந்த அளவுகோல் லத்தீன் இலக்கணம். அதில் இம்பர்ஃபெக்டுக்கு என்று தனி அறை உண்டு, போர்ச்சுகீசிலும் உண்டு. தமிழில் அந்த அறைக்குள் எதை வைப்பது? யோசிச்சுப் பாருங்க. "சின்ன வயசுல தினமும் கடலுக்குப் போவோம்" என்கிறோம். கதை முடிந்துபோனது, வினையோ எதிர்கால உருவம்! நமக்கு உறுத்தாது. புதுசா படிக்கிறவருக்குத் தலை சுற்றும். ஒப்பீடும் அப்படித்தான். ஸ்பானியத்தில் 'தான்', 'கோமோ' என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் உயரத்தையோ அழகையோ வைத்தால் இருவரும் சமம். போர்ச்சுகீசிலும் கிட்டத்தட்ட இதேதான். நாமோ 'அண்ணன் அளவுக்கு உயரம்' என்று ஆளுக்குப் பின்னால் ஒட்டிவிட்டுப் போயிடுவோம்.

இப்படி மல்லுக்கட்டி 1549 வாக்கில் அவர் எழுதியதுதான் 'ஆர்த்தே தா லிங்குவா மலபார்'. தமிழைத்தான் அன்று மலபார் என்றார்கள். பிறகு 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சானது, 16 பக்கம். இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது.

1600ல் புன்னக்காயலில் இறந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கரைதான் ஊர். அந்த இலக்கணம் மட்டும் லிஸ்பன் நூலகத்தில் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1982ல்தான் அச்சேறியது.