சம சம்பளம் பெற்ற பியானோ மேதை

ஆண்கள் செய்த அதே வேலையைச் செய்து, 8 ஆண்டுகள் குறைந்த சம்பளம் வாங்கி, பிறகு அதைக் கேட்டுச் சரி செய்துகொண்டவர் லூயிஸ் பாரங்க் அம்மையார். பிரான்சு நாட்டின் இசை மேதை.

பாரீஸ் நகரில் 1804-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி பிறந்தார். தந்தை சிற்பி. சகோதரர் அகஸ்ட் டுமோனும் சிற்பிதான். பாஸ்டில் சதுக்கத்தில் உள்ள உயர்ந்த தூணின் உச்சியில் நிற்கும் பொன்னிறச் சிலை அவர் செய்தது.

லூயிசுக்கோ பியானோவில்தான் நாட்டம். அந்நாளில் பாரீஸ் இசைக் கல்லூரியில் இசை அமைக்கும் கலையை ஆண்களுக்கு மட்டுமே கற்பித்தனர். ஆயினும் அங்கே பேராசிரியராக இருந்த ரைகாவிடமே, 15 வயதில் அக்கலையைக் கற்கத் தொடங்கினார்.

1821-ல் புல்லாங்குழல் கலைஞர் அரிஸ்டீட் பாரங்க்கை மணந்தார். கணவர் இசைப் பதிப்பகம் தொடங்கி, மனைவியின் படைப்புகளை அச்சிட்டு வெளியிட்டார்.

குறைந்த சம்பளம்

1842-ல் அதே கல்லூரியில் மாணவிகளுக்குப் பியானோ கற்பிக்கும் பேராசிரியை ஆனார். பெண்களுக்கு இத்தகைய பதவி அரிதாகவே கிடைத்த காலம் அது. பதவி கிடைத்தது; ஆனால் சம்பளம் ஆண் பேராசிரியர்களைவிடக் குறைவு.

இதற்கிடையே 3 சிம்பொனிகளை இயற்றி முடித்தார். அந்நாளில் பாரீஸ் ரசிகர்களுக்கு இசை நாடகத்தில்தான் மோகம். லூயிஸ் இசை நாடகம் எதுவும் எழுதவில்லை.

1850-ல் 9 வாத்தியங்களுக்காக அவர் இயற்றிய இசை அரங்கேறியது. அப்போது 18 வயதே ஆன பிரபல வயலின் கலைஞர் ஜோவாகிமும் அதில் வாசித்தார். பெரும் பாராட்டுக் கிடைத்தது.

அதே ஆண்டில், தமக்கும் ஆண்களுக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்று கல்லூரித் தலைவர் ஓபேருக்குக் கடிதம் எழுதினார். கோரிக்கை ஏற்கப்பட்டது.

மகள் மரணம்

ஒரே மகள் விக்டோரினும் சிறந்த பியானோ கலைஞர். தாயிடமே படித்து, 1844-ல் கல்லூரியின் முதல் பரிசைப் பெற்றவர். நோயுற்றிருந்த அவர், 1859-ல் 32 வயதில் இறந்தார். அதன் பிறகு தாய் புதிதாக இசை அமைப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

ஆனால் வேலையை விடவில்லை. மறைந்து போன பழைய பியானோ இசையையெல்லாம் தேடித் தொகுக்கும் பணியைக் கணவருடன் சேர்ந்து மேற்கொண்டார். முதல் தொகுதி 1861-ல் வெளிவந்தது. 1865-ல் கணவரும் காலமானார். லூயிஸ் தனியாகவே தொடர்ந்து, 20-க்கும் மேற்பட்ட தொகுதிகளாக அதை முடித்தார்.

1861, 1869 ஆகிய ஆண்டுகளில் 'சார்ட்டியே' பரிசு பெற்றார். 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, 1873-ல் ஓய்வு பெற்றார். 1875 செப்டம்பர் 15-ந் தேதி, 71-ம் வயதில் காலமானார்.

அவருடைய சிம்பொனிகளில் ஒன்றுகூட அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறவில்லை. பிறருடைய பழைய இசையைத் தேடி எடுத்துக் காப்பாற்றியவரின் சொந்த இசை, நூறு ஆண்டுகளுக்கு மேல் மறக்கப்பட்டுக் கிடந்தது. இன்று அந்த 3 சிம்பொனிகளும் இசைத்தட்டுகளாக வெளிவந்து, பல நாடுகளின் மேடைகளிலும் வாசிக்கப்படுகின்றன.