'சுதந்திரப் போர்' என்றொரு பத்திரிகை: கோ. நடேசய்யர் நடந்த பாதை

குடியேற்ற ஆட்சியின்கீழ் அழுந்திய நாடுகளில் நிலம், கூலி, தன்மானம் ஆகியவை பற்றிய மனக்குறைகள் நாளடைவில் விடுதலைப் போராக வெடித்ததை இருபதாம் நூற்றாண்டு கண்டது. 1945இல் இந்தோனேசியாவிலும், 1952இல் கென்யாவின் மலைப்பகுதியிலும், 1954இல் அல்ஜீரியாவிலும் அதுவே நிகழ்ந்தது. அதே மனக்குறைகள் நுவரெலியாவிலும் அட்டனிலும் மலைபோல் குவிந்து கிடந்தன. ஆயினும் இங்கு எவரும் துப்பாக்கி ஏந்தவில்லை. 'உரிமைப் போர்', 'சுதந்திரப் போர்' என்ற பெயர்களில் பத்திரிகைகள் மட்டும் வெளிவந்தன. அவற்றை நடத்தியவர் கோதண்டராம நடேசய்யர்.

இதற்குக் காரணம் உண்டு. கென்யாவின் கிகுயு மக்களுக்குத் தம்முடையது என உரிமை கோர நிலம் இருந்தது. பின்வாங்கி மறையக் காடும் இருந்தது. மலையகத் தொழிலாளிக்கோ துரையின் தோட்டத்தில், துரையின் லயத்தில், ஓர் அறை மட்டுமே இருந்தது. பத்துச்சீட்டு கையில் விழுந்தால் அன்றே குடும்பத்தோடு தெருவில் நிற்கவேண்டும். நிலத்தை இழந்தவன் கண்டிச் சிங்கள விவசாயி. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் அவனது காட்டையும் சேனையையும் பறித்தது, 1848இல் மாத்தளையில் அவன் கிளர்ந்தெழுந்தான், அடக்கப்பட்டான். பறிக்கப்பட்ட நிலத்தில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடத் தமிழகத்திலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். ஒரே ஆட்சியால் வஞ்சிக்கப்பட்ட இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் எதிரியாகக் காணும்படி ஆனதே இந்நாட்டு வரலாற்றின் பெருந்துயரம் எனலாம்.

1887இல் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த நடேசய்யர், தோட்டத் தொழிலாளருக்காக இலங்கைக்கு வந்தவர் அல்லர். வணிகர்களுக்காக 'வர்த்தக மித்திரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். ஆயில் இயந்திரங்களைப் பற்றிக்கூட நூல் எழுதியவர். வணிகர் சங்கப் பணியாகவே முதல் உலகப் போர்க் காலத்தில் இத்தீவுக்கு வந்தார். வந்த இடத்தில் தோட்டங்களைப் பார்க்க விரும்பினார். அந்நியர் தோட்டத்தினுள் நுழைவது குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. ஆகவே புடவை வியாபாரியாக வேடமிட்டு, துணி மூட்டையுடன் லயங்களுக்குள் சென்றார் என்பது பலரும் அறிந்த செய்தி.

அங்கு அவர் கண்டது துண்டு முறை. பெரிய கங்காணி பெற்ற முன்பணத்திற்காகத் தொழிலாளி கடனாளியானான். அக்கடன் துண்டில் எழுதப்பட்டு, தோட்டம் விட்டுத் தோட்டம் அவனோடு சென்றது. கடனைத் தீர்ப்பவனே அவனை அழைத்துச் செல்லலாம் என்றிருந்ததால், மனிதன் கைமாறும் பண்டமானான். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் கிடைத்த பென்ஸ் காசு இதற்கு ஊக்கமளித்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோரின் முயற்சியும் இந்திய அரசின் அழுத்தமும் சேர்ந்து 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், சட்டம் மாறியதைத் தொழிலாளிக்கு எடுத்துச் சொல்ல எவருமில்லை. அப்பணியையே நடேசய்யர் தமதாக்கிக்கொண்டார்.

1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' என அவரது பத்திரிகைகள் தோன்றின. சட்ட நிரூபண சபையில் இந்தியருக்கான ஆசனங்களில் ஒன்று முகமது சுல்தானின் மறைவால் வெற்றிடமாகவே, 1925இல் அதற்கு அவர் தெரிவானார். அந்நாளில் இந்தியர் என்ற பெயரின்கீழ் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாவரும் ஒரே பட்டியலில் நின்று வாக்களித்தனர் என்பது இன்றைய வாசகர் மனங்கொள்ளத் தக்கது.

அவரது வாழ்வில் ஆழ்ந்து நோக்கவேண்டிய பகுதி, ஏ.ஈ. குணசிங்கவுடனான உறவாகும். கொழும்பில் சிங்களத் தொழிலாளரையும் இந்தியத் தொழிலாளரையும் ஒரே சங்கத்தில் சேர்த்த குணசிங்கவுக்குத் துணைத் தலைவராக நடேசய்யர் தோள்கொடுத்தார். மாத்தளையில் நிலமிழந்தவனின் வழித்தோன்றலும் அந்நிலத்தில் கொழுந்து பறிப்பவளும் ஒரே கொடியின்கீழ் நிற்கக்கூடும் என்ற நம்பிக்கை அன்று இருந்தது. அது நிலைக்கவில்லை. 1928ஆம் ஆண்டளவில் இருவரும் பிரிந்தனர். பொருளாதார மந்தத்தில் வேலை அருகியபோது, குணசிங்கவின் கோபம் முதலாளியை விட்டு இந்தியத் தொழிலாளியின் பக்கம் திரும்பியது. நடேசய்யரும் விட்டுக்கொடுக்கும் இயல்பினர் அல்லர். ஆயினும், பிளவின் பெரும்பழி வேலையிழந்தவனுக்கு இனத்தைக் காட்டிய அரசியலையே சாரும் என்பது நம் கருத்து.

கொழும்பை விட்டு அவர் அட்டனுக்குச் சென்றார். 1931இல் அங்கு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டத் தொழிலாளருக்கென எழுந்த முதற் சங்கம் அதுவே. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்திருந்தது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நாட்கூலி வகுக்கப்பட்டிருந்தது. மந்தத்தைக் காரணங்காட்டி அதுவும் வெட்டப்பட்டது. சங்கத்தில் சேர்ந்தவன் பத்துச்சீட்டுப் பெற்றான். துரைமாரும் கங்காணிமாரும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தனர். பிராமணன், வெளியூரான், வம்புக்காரன் என்ற பிரசாரங்களும் ஓயவில்லை.

இக்காலத்தில் அவரது மனைவி மீனாட்சி அம்மையாரின் பணி தனியே எழுதத்தக்கது. படிக்கத் தெரியாத மக்களிடம் பத்திரிகை எவ்வளவுதான் செல்லும்? அம்மையார் கூட்டங்களில் பாடினார். பாரதி பாடல்களையும் தாமே இயற்றிய பாடல்களையும் பாடினார். துரைக்கும் கங்காணிக்கும் அஞ்சி அட்டையாய்ச் சுருண்டிருந்த பெண்கள் கூட்டங்களுக்கு வரத் தொடங்கியதில் அப்பாடல்களுக்குப் பெரும் பங்குண்டு.

1936இல் அட்டன் தொகுதியில் வென்று நடேசய்யர் அரசாங்க சபைக்குச் சென்றார். சர்வசன வாக்குரிமை 1931இலேயே வந்திருந்தும், நிரந்தர வதிவிடத்தை நிரூபிக்குமாறு தோட்டத் தொழிலாளியிடம் கேட்கப்பட்டது. 1937இல் கிராமச் சபைத் தேர்தல்களிலும் அவனுக்கு வாக்கு மறுக்கப்பட்டது. வெள்ளையர் போனபின் அதிகாரம் எவர் கைக்குச் செல்லும், அங்கு இம்மக்களின் இடம் என்ன என்ற கேள்வியை அவர் சபையில் விடாது எழுப்பினார். சக உறுப்பினர் பலருக்கு அது கசந்தது.

1939இல் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் சூட்டுக்குப் பலியானபோது மலையகமே எழுந்தது. சௌமியமூர்த்தி தொண்டமான், அப்துல் அஸீஸ் போன்ற இளையவர்கள் முன்வந்தனர். நடேசய்யரின் சம்மேளனம் தளர்ந்தது. தமக்குப்பின் நடத்த ஓர் இரண்டாம் வரிசையை அவர் வளர்க்கவில்லை. தனிமனிதர் ஒருவரின் துணிவால் எழுந்த சங்கம், அவரது கைக்கு எட்டிய தூரமே சென்றது. 1947இல் கூடிய புதிய நாடாளுமன்றத்தில் காங்கிரஸ் எழுவரைப் பெற்றிருந்தது; அட்டனின் பழைய உறுப்பினருக்கு அங்கு ஆசனமில்லை.

அவ்வாண்டு எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தொடங்கிய 'சுதந்திரன்' பத்திரிகைக்கு முதல் ஆசிரியராக அவர் அமர்ந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழரும் மலையகத் தமிழரும் ஒரே பத்திரிகையில் சந்தித்தது சிறு செய்தியன்று. ஆனால், சில மாதங்களே அவருக்கு எஞ்சியிருந்தன. 1947 நவம்பர் 7ஆம் நாள் நடேசய்யர் காலமானார்.

அடுத்த பெப்ரவரி 4ஆம் நாள் ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தல் திருத்தமும் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகரும் அதே சட்டத்தின் முன் விண்ணப்பத்துடன் நிற்கவேண்டியதாயிற்று. அச்சட்டங்களை எதிர்த்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அதன் குரலாக 'சுதந்திரன்' பல்லாண்டுகள் வெளிவந்தது.